எல்சாட் திரைக்கு வந்த பிறகு: எதற்குத் தயாராவது?

(ஸ்காபரோவில், சட்டம் படிக்க விரும்பும் மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சட்டக் கல்லூரியில் சேர எழுத வேண்டிய எல்சாட் பரீட்சைக்கு எப்படித் தயாராவது என்று பேசச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். சில ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடு இன்னொரு பதற்றமும் சேர்ந்து வருகிறது. "பரீட்சை முழுக்கக் கணினிக்குப் போய்விட்டதே, பிள்ளை இனி எப்படிப் படிப்பது? எந்த மென்பொருள் வாங்குவது? எந்த ரியூஷனில் திரைப் பயிற்சி தருகிறார்கள்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரைக்குப் பழக ஆறு வாரம் போதும். ஒரு வாதத்தைப் பிரித்து வாசிக்கப் பழக ஆறு மாதமாவது வேண்டும். நம்மில் பலர் ஆறு வார வேலைக்கு ஆறு மாதக் கவலையைச் செலவிடுகிறோம். ஆறு மாத வேலையைக் கடைசி ஆறு வாரத்துக்குத் தள்ளிவிடுகிறோம். அந்தக் கணக்கைச் சீர்படுத்தத்தான் இன்று பேசப் போகிறேன்.

இந்தப் பரீட்சை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அது எதைத் தேடுகிறது என்பதும் தெரியும். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளின் வாசலில் பலதரப்பட்ட மாணவர்கள் வந்து நின்றார்கள். அவர்கள் முன்பு படித்த ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு மாதிரிப் புள்ளி போடும். ஒரு ஊரின் பட்டத்தை இன்னொரு ஊரின் பட்டத்தோடு எப்படி ஒப்பிடுவது? 1945இல் கொலம்பியா சட்டக் கல்லூரியின் அனுமதிப் பொறுப்பில் இருந்த ஃபிராங்க் பவுல்ஸ், பொதுவான ஒரு தேர்வு வேண்டும் என்று எழுதினார். கொலம்பியா, ஹார்வர்ட், யேல் முதலிய கல்லூரிகள் 1947இல் கூடிப் பேசின. 1948 பெப்ரவரியில் முதல் எல்சாட் நடந்தது. சட்ட அறிவைச் சோதிப்பது அதன் நோக்கமாக இருக்கவில்லை. முதலாம் ஆண்டுச் சட்டப் படிப்பைத் தாக்குப்பிடிக்கும் வாசிப்பும் தர்க்கமும் ஒருவரிடம் உண்டா என்பதையே அது பார்க்க விரும்பியது. 1991 முதல் புள்ளி 120க்கும் 180க்கும் இடையில் வருகிறது. அமெரிக்காவில் மட்டுமல்ல, இங்கே ஒன்ராறியோவில் ஆங்கிலத்தில் சட்டம் கற்பிக்கும் சட்டபீடங்களும் இதைக் கேட்கின்றன. மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகம் கேட்பதில்லை. இந்த வேறுபாடுகளை விண்ணப்பிக்கும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழுபது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பரீட்சை தாளும் பென்சிலுமாகத்தான் நடந்தது. மரப் பென்சில் கொண்டு வர வேண்டும். கையில் முள் ஓடும் கடிகாரம் கட்டலாம், எண்கள் ஒளிரும் கடிகாரம் கூடாது. கடைசி ஆண்டுகளில் 35 நிமிடம் கொண்ட ஐந்து பகுதிகள். அவற்றில் ஒன்றுக்குப் புள்ளி கிடையாது, ஆனால் எது என்று எழுதுபவருக்குத் தெரியாது. வினாப் புத்தகத்தின் ஓரத்தில் கிறுக்கலாம், கோடிடலாம், படம் வரையலாம். பிறகு விடைத்தாளில் வட்டத்தைக் கருமையாக நிரப்ப வேண்டும். ஒரு வினாவைத் தாண்டிப் போனவர் அடுத்த வட்டத்தைத் தவறான வரிசையில் நிரப்பி, கடைசி இரண்டு நிமிடத்தில் அதைக் கண்டுபிடித்து அழித்து அழித்து எழுதிய கதைகளை மூத்த சட்டத்தரணிகளிடம் இன்றும் கேட்கலாம்.

2019 ஜூலையில் இது மாறத் தொடங்கியது. பரீட்சையை நடத்தும் லா ஸ்கூல் அட்மிஷன் கவுன்சில் அந்த ஒரு தடவை மட்டும் ஒரு பாதிப் பேருக்குத் தாளும் மறுபாதிப் பேருக்கு டேப்லட்டும் கொடுத்தது. யாருக்கு எது கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. அதற்கு ஈடாக, புள்ளியைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று ரத்துச் செய்யவும், 2020 ஏப்ரலுக்குள் கட்டணமில்லாமல் திரும்ப எழுதவும் இடம் கொடுத்தது. மைக்ரோசொஃப்ட் சர்ஃபேஸ் கோ டேப்லட்டுகளைக் கவுன்சிலே கொண்டு வந்து கொடுத்தது. எவரும் தம்முடைய கருவியைக் கொண்டு வரவில்லை. செப்டெம்பரிலிருந்து வட அமெரிக்கா முழுதும் டேப்லட்தான்.

அந்தத் திரையில் என்ன இருந்தது? மேலே கடிகாரம், ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கும்போது எச்சரிக்கும். வரிகளுக்கு நிறம் பூச மூன்று நிறங்கள். அடிக்கோடு. வேண்டாத விடையை மங்கலாக்கி ஒதுக்கும் வசதி. திரும்பி வர வேண்டிய வினாவுக்கு ஒரு கொடி. எழுத்தைப் பெரிதாக்கலாம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வட்டம் நிரப்பும் வேலையே போய்விட்டது. விடையைத் தொட்டால் போதும். வரிசை தவறும் பயமும் அதோடு போனது. இன்று பயன்படுத்தும் திரையிலும் இவற்றில் பெரும்பாலானவை இருக்கின்றன. ஒரு பிற்பகலில் இவற்றைக் கற்றுக்கொண்டுவிடலாம்.

இனி, பரீட்சையின் உள்ளே போவோம். நானே எழுதிய ஒரு மாதிரி வினா இது. ஒரு நகரத்தில் பொது நூலகங்களுக்குக் கடந்த ஆண்டு புதிய கணினிகள் வாங்கினார்கள். அதே ஆண்டில் நூலகங்களுக்கு வந்தோர் தொகை கூடியது. ஆகவே புதிய கணினிகள்தான் வருகையைக் கூட்டின என்கிறார் நகர சபை உறுப்பினர். இந்த வாதத்தை மிகவும் பலவீனமாக்குவது எது? முதல் தெரிவு: கணினிகளுக்கு ஆன செலவு எதிர்பார்த்ததைவிட அதிகம். இரண்டாவது: நூலகத்துக்கு வருவோரில் பலர் கணினியைப் பயன்படுத்துகிறார்கள். மூன்றாவது: புதிய கணினி கிடைக்காத கிளைகளிலும் வருகை அதே அளவு கூடியது. நான்காவது: பக்கத்து நகரத்திலும் புதிய கணினிகள் வாங்கத் திட்டமிடுகிறார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

முதல் தெரிவு பலரைப் பிடித்துவிடும். செலவு கூடிவிட்டதென்றால் திட்டம் பிழை என்று மனம் சொல்லும். ஆனால் உறுப்பினர் திட்டம் நல்லதென்று சொல்லவில்லை. கணினி வருகையைக் கூட்டியது என்றுதான் சொன்னார். செலவு அந்தக் கூற்றைத் தொடவே இல்லை. இரண்டாவது தெரிவு வாதத்துக்குத் துணை போகிறது. நான்காவது இன்னும் நடக்காத ஒரு காரியம். மூன்றாவதுதான் நேராகக் காரணத்தில் கை வைக்கிறது. கணினி இல்லாத இடத்திலும் அதே அளவு கூடியிருக்கிறதென்றால், கூட்டியது வேறு ஏதோ.

இதை இவ்வளவு விரித்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த வினாவைத் தாளில் எழுதினாலும் திரையில் எழுதினாலும் பிள்ளை செய்ய வேண்டிய வேலை ஒன்றே. முடிவு எது, அதற்குச் சொன்ன ஆதாரம் எது, இரண்டுக்கும் நடுவில் எங்கே இடைவெளி என்று பார்க்க வேண்டும். ஒரு பகுதியில் இப்படி ஏறத்தாழ 25 வினாக்கள்; நேரம் 35 நிமிடம். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை. முடிவைக் கண்ணால் கண்டுபிடிக்கத் தெரியாதவர், மூன்று நிறத்தாலும் திரை முழுவதையும் பூசினாலும் அதைக் கண்டுபிடிக்கப் போவதில்லை.

அடுத்த மாற்றம் யாரும் திட்டமிடாமல் வந்தது. 2020இல் பெருந்தொற்று மண்டபங்களை மூடியது. மே மாதத்தில் எல்சாட் வீட்டுக்குள் வந்தது. மூன்று பகுதிகளாகச் சுருங்கியது. சொந்தக் கணினி, கமரா, தூரத்தில் இருந்து பார்க்கும் மேற்பார்வையாளர், மேசையில் சில வெள்ளைத் தாள்கள். 2021 ஓகஸ்டில் நான்கு பகுதிகளானது. நடுவில் பத்து நிமிட இடைவேளை.

வீட்டில் பரீட்சை என்பது வசதி என்று தோன்றும். சொந்த அறையும் கதவும் உள்ளவருக்கு அது வசதிதான். ஒரு பேஸ்மென்டில் ஐந்து பேர் வாழும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். மேலே வீட்டுக்காரர் நடக்கும் சத்தம், தம்பியின் இணைய வகுப்பு, இரவு வேலை முடித்து வந்து தூங்கும் அப்பா. கமராவுக்குள் வேறொருவர் வந்தால் பரீட்சையே கேள்விக்குள்ளாகும். வினா எல்லோருக்கும் ஒன்றுதான். அதை எழுதும் அறை ஒன்றல்ல. 2023 ஓகஸ்டிலிருந்து வீடா பரீட்சை மையமா என்று தெரிவுசெய்ய இடம் வந்தபோது, இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் மையம் பெரிய உதவியாக இருந்தது.

இப்போது, பரீட்சையில் ஒரு பகுதியாக இருந்த தர்க்க விளையாட்டுகள் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழு பேச்சாளர்கள், ஏழு நேரங்கள். கமலா ரவிக்கு முன்னால் பேச வேண்டும், நிமலன் முதலாவதாகவோ கடைசியாகவோதான் பேசலாம், அப்படியானால் மூன்றாவதாக யார் பேசலாம் என்ற மாதிரியான வினாக்கள். தாளில் எழுதியவர்கள் வினாவுக்குப் பக்கத்திலேயே ஏழு கோடுகள் போட்டுப் பெயர்களை நிரப்பினார்கள். திரை வந்தபோது வினா ஒரு இடத்திலும் படம் இன்னொரு தாளிலும் ஆகிவிட்டன; கண் மேலும் கீழும் போய்வர வேண்டியிருந்தது. அதற்குப் பழகிக்கொண்டார்கள். ஆனால் படமே வரைய முடியாதவர் என்ன செய்வார்? மிஷிகனைச் சேர்ந்த பார்வையற்ற ஒருவர் இந்தக் கேள்வியோடு நீதிமன்றத்துக்குப் போனார். படம் வரைந்தால்தான் விரைவாகத் தீர்க்க முடியும் என்ற வினா, பார்க்க முடியாதவரின் தர்க்கத்தை எப்படி அளக்கும் என்பது அவருடைய கேள்வி. 2019இல் கவுன்சில் சமரசத்துக்கு வந்தது. அந்தப் பகுதிக்கு மாற்று ஒன்றை ஆராய்வதாக ஒப்புக்கொண்டது. 2024 ஓகஸ்டில் தர்க்க விளையாட்டுகள் பரீட்சையிலிருந்து நீக்கப்பட்டன. இன்று புள்ளிக்குரியவை தர்க்க நியாயப் பகுதிகள் இரண்டும் வாசித்து விளங்கும் பகுதி ஒன்றும்தான். புள்ளியில்லாத நான்காவது பகுதியும் உண்டு.

இந்தச் செய்தி நமக்கு அந்நியமாக இருக்க முடியாது. பல்கலைக்கழக அனுமதி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது ஒரு தலைமுறையின் வாழ்க்கையை மாற்றும் என்று, தமிழ் மாணவர்களிடம் கூடுதல் புள்ளி கேட்ட இலங்கையின் 1970களின் தரப்படுத்தல் நமக்குக் கற்பித்திருக்கிறது. அந்தப் புள்ளிக் கணக்கில் மருத்துவத்தையும் பொறியியலையும் இழந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கலாம். அந்த அனுபவம் உள்ள சமூகம், எந்தப் பரீட்சை மாறும்போதும் "என் பிள்ளைக்கு இலகுவா?" என்பதோடு நின்றுவிடக் கூடாது. "இதனால் யார் வெளியே நிற்கிறார்கள்?" என்றும் கேட்க வேண்டும். பார்வைக் குறைபாடு, வாசிப்புக் குறைபாடு, கவனக் குறைபாடு உள்ள பிள்ளைகள் நம் வீடுகளிலும் உண்டு. கூடுதல் நேரமும் வேறு ஏற்பாடுகளும் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. பெயர் கெட்டுவிடும் என்று மறைக்காதீர்கள். மருத்துவ ஆவணங்களைச் சேர்த்து, பரீட்சைக்குப் பதியும் காலத்திலேயே விண்ணப்பியுங்கள்.

கதை இத்தோடு முடியவில்லை. வீட்டிலிருந்து எழுதும் முறையைப் பயன்படுத்தி வினாக்களைத் திருடி விற்பவர்கள் கிளம்பினார்கள். 2025இல் சீனப் பெருநிலத்தில் இணையவழிப் பரீட்சையை நிறுத்துவதாகக் கவுன்சில் அறிவித்தது. 2026 ஓகஸ்ட் முதல் பெரும்பாலானோர் மையத்துக்குப் போய்க் கணினியில் எழுத வேண்டும் என்றும் அறிவித்தது. எண்ணிப் பாருங்கள்: தாள், டேப்லட், வீட்டுக் கணினி, வீடு அல்லது மையம், மறுபடி மையம். பத்து ஆண்டுகூட ஆகவில்லை. இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை எல்சாட் எழுதும் நாளில் எந்தக் கருவி இருக்கும் என்று இப்போதே திட்டமிடுவதில் பொருள் இல்லை. இத்தனை மாற்றத்திலும் இடம் மாறாமல் இருந்தது வாதத்தை வாசிக்கும் திறன் ஒன்றுதான். உழைப்பை அங்கே போடுங்கள்.

எப்படிப் போடுவது? படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் மூன்று மாதம் கடிகாரத்தைத் தொடாதீர்கள். நாளுக்கு எட்டுப் பத்து வினா போதும். ஒவ்வொரு வினாவிலும் முடிவை உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரியில் எழுதுங்கள். தெரிவுகளைப் பார்க்கும் முன்பே, இந்த வாதத்தில் எங்கே ஓட்டை என்று சொல்லிப் பாருங்கள். அதன் பிறகு தெரிவுகளை வாசியுங்கள்.

பிழைக்கென்று ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வரும் பிள்ளைகளிடம் நான் கட்டாயமாகக் கேட்பது இது ஒன்றுதான். விடை "இ" என்று எழுதி வைத்தால் பயனில்லை. பிழையான தெரிவு என்னை ஏன் இழுத்தது, சரியானதை நான் ஏன் ஒதுக்கினேன் என்று இரண்டு வரி எழுத வேண்டும். ஒரு மாதத்தில் அந்தக் கொப்பி உங்களைப் பற்றியே பேசத் தொடங்கும். ஒருவர் அவசரத்தில் முடிவை மாற்றி வாசிப்பவராக இருப்பார். இன்னொருவர், உரிமம் பெற்றவர் எல்லோரும் சித்தியடைந்தவர்கள் என்றால் சித்தியடைந்தவர் எல்லோருக்கும் உரிமம் உண்டு என்று தலைகீழாக எடுத்துக்கொள்பவராக இருப்பார். நோய் தெரிந்தால்தான் மருந்து.

வாசித்து விளங்கும் பகுதிக்கு வேறு குறுக்குவழி இல்லை, வாசிக்கத்தான் வேண்டும். நான்கு தொகுதிகள், சட்டம், அறிவியல், கலை, சமூகம் என்று எங்கிருந்தும் வரலாம். 2007இலிருந்து ஒரு தொகுதியில் இரண்டு சிறு கட்டுரைகளை ஒப்பிடச் சொல்கிறார்கள். கனடிய உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளுக்கு எளிய ஆங்கிலத்தில் சுருக்கம் வெளியிடுகிறது. காசு கொடுக்கத் தேவையில்லை. வாரத்துக்கு ஒன்றை எடுத்து, இரு தரப்பும் என்ன சொன்னார்கள், நீதிமன்றம் யாரை ஏற்றது, ஏன் என்று மூன்று வரியில் எழுதுங்கள். இந்த வாசிப்பைக் கணினித் திரையில் செய்யுங்கள். நீண்ட பத்தியைத் திரையில் வாசிக்கும்போது கண் வரிகளைத் தாவும். அந்தத் தாவலை அடக்கப் பழகுவதுதான் உண்மையான திரைப் பயிற்சி.

கடைசி ஆறு வாரம் கருவிக்கு. கவுன்சிலின் லாஹப் தளத்தில் பரீட்சையில் வரும் அதே திரையில், பழைய உண்மை வினாத்தாள்கள் சிலவற்றை இலவசமாகவே செய்யலாம். தொலைபேசியில் செய்யாதீர்கள். மேசை, கதிரை, கணினி, 35 நிமிடம், நடுவில் பத்து நிமிட இடைவேளை. எல்லாம் உண்மை மாதிரியே இருக்கட்டும். நிறம் பூசுவதை முடிவு வரிக்கும் திருப்புமுனைச் சொற்களுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் தாண்டிய வினாவுக்கு ஏதாவது ஒரு விடையைத் தொட்டு, கொடி போட்டுவிட்டு நகருங்கள். பிழைக்குப் புள்ளி குறைக்கப்படுவதில்லை. ஆகவே ஒரு வினாவும் வெறுமையாக இருக்கக் கூடாது. எல்சாட்டோடு சேர்ந்த எழுத்துப் பரீட்சையைத் தனியாக இணையத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். 2024இலிருந்து அது பல கருத்துகளை வைத்து வாதாடும் வடிவத்தில் வருகிறது. அதற்குப் புள்ளி இல்லை என்று அலட்சியம் வேண்டாம். அது கோப்பில் இல்லாமல் உங்கள் புள்ளி வெளியே போகாது.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு தடவை எழுதவே 200 அமெரிக்க டொலருக்கு மேல் ஆகும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டண விலக்கு உண்டு. கனடியக் குடியுரிமை உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். ரொறன்ரோ பொது நூலகத்தில் அட்டை இருந்தால் கணினியும் அமைதியான மேசையும் இலவசம். ஆயிரக்கணக்கில் கட்டி வகுப்பில் சேர்ந்தால்தான் பிள்ளை தேறும் என்று யாராவது சொன்னால் உடனே கடன் வாங்கி விடாதீர்கள். முதல் மூன்று மாதம் வினாவும் கொப்பியுமாகப் போகட்டும். அதன் பிறகும் ஓரிடத்தில் தேங்கி நின்றால், எந்த இடத்தில் என்று தெரிந்துகொண்டு உதவி தேடலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஆயுளுக்கும் ஏழு தடவைக்கு மேல் எல்சாட் எழுத முடியாது. "சும்மா ஒருக்கால் எழுதிப் பார்" என்று தயாராகாத பிள்ளையை அனுப்பாதீர்கள். ஒன்ராறியோ சட்டபீடங்களுக்கான விண்ணப்பம் நவம்பர் தொடக்கத்தில் முடிகிறது. அதற்கு முந்திய கோடையில் எழுதினால் திரும்ப ஒரு தடவை எழுதவும் நேரம் இருக்கும். புள்ளி வந்த அன்று பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளியைக் கேட்காதீர்கள். கொப்பியைக் கொண்டு வரச் சொல்லி, எந்த இடத்தில் முன்னேறினாய் என்று கேளுங்கள்.

இவ்வளவு உழைப்பும் எதற்கு என்று சோர்வு வரும் நாளில் 1985ஆம் ஆண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் கனடிய உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அகதியின் சொல் நம்பத்தக்கதா என்பதே கேள்வியாக இருக்கும்போது, அவரை நேரில் கேட்காமல், தாள்களை மட்டும் பார்த்து மறுத்துவிட முடியாது என்றது. அந்த வழக்கில் வந்தவர்கள் தமிழர் அல்லர். ஆனால் அதன் பிறகு இந்த நாட்டுக்கு வந்த நம் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து தம் கதையைத் தம் வாயால் சொல்ல முடிந்தது. அரசின் வாதத்தில் எங்கே இடைவெளி என்று வாசிக்கத் தெரிந்த சட்டத்தரணிகள் அந்தக் கதவைத் திறந்தார்கள். ஒன்றரை நிமிட வினாவில் நீங்கள் பழகுவதும் அதே வாசிப்புத்தான். நாளைக்கு ஒரு அகதியின் கோப்பை, ஒரு வாடகைக்காரரின் வெளியேற்ற அறிவித்தலை, வேலையிழந்த ஒரு தொழிலாளியின் கடிதத்தை வாசித்து, "இந்த முடிவுக்கு இந்த ஆதாரம் போதாது" என்று சொல்லப் போவது நீங்கள்தான். அந்த மனிதருக்காகக் கவனமாக வாசிக்கப் பழகுங்கள். பரீட்சை அதற்குள் அடங்கிவிடும்.